விழுந்தவனை யார் தூக்குவது?

நான் சண்டைப் படங்களின் ரசிகன். ஏதோ பொழுதுபோகாமல் பார்ப்பவன் இல்லை, முறையாகப் பார்ப்பவன். ஜான் வூவின் 'ஹார்ட் பாயில்ட்' (1992) படத்தில், மருத்துவமனைக்குள் இரண்டரை நிமிடத்துக்கும் மேலாக வெட்டே இல்லாமல் ஓடும் துப்பாக்கிச் சண்டை ஒன்று உண்டு. நாயகர்கள் லிஃப்டுக்குள் ஏறி இறங்கும் அந்தச் சில நொடிகளுக்குள், படக்குழுவினர் அதே தளத்தை அடித்துப் பிடித்து வேறு தளமாக மாற்றிவிடுவார்கள். அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. 'தி ரெய்ட்' (2011) படத்தின் சண்டைகளை எந்த மாடியில் என்ன நடக்கிறது என்ற வரிசையோடு சொல்வேன். இன்ஜினியரிங் படித்த நாலு வருடத்தில் இவ்வளவு உருப்படியாக வேறெதையும் படிக்கவில்லை.

இந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கை கழுவுவதற்குத் தனி சோப்பு. கிரீஸ் வாடை போகும்வரை தேய்த்துவிட்டு, என்னை சைக்கிளில் உட்கார வைத்து மேட்னிக்குக் கூட்டிப்போவார். 'பாட்ஷா' வந்தபோது எனக்கு எட்டு வயது. அதுவரை அடி வாங்கிக்கொண்டே இருந்த மாணிக்கம் முதல்முறையாகத் திருப்பி அடிக்கும்போது, என் அப்பா எழுந்து நின்று விசிலடித்தார். வீட்டில் சத்தமாகப் பேசக்கூட மாட்டார். அந்த மனிதருக்குள் இப்படி ஒரு விசில் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவருக்குத் தொழில் புத்தி. படம் பார்த்துக்கொண்டே காதுக்குள் சொல்வார். "அந்தக் கதவு பலகைடா, இரும்பு இல்ல. இரும்பா இருந்தா அப்டி வளையாது." "அவ்ளோ ஒசரத்துலேர்ந்து விழுந்தா கீழ அட்டப்பெட்டி போட்டிருப்பான், பாரு." பொய் என்று தெரிந்துகொண்டே ரசிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பொய்யாக இருந்தாலும் அது உழைப்பு என்பார்.

ஆகவே, "ஆர்ட் ஃபிலிம்" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு உடனே கொட்டாவி வரும். அலுவலகத்தில் என் டீமில் இருக்கும் நண்பர் ஒருவர் என்னைத் திருத்தியே தீருவது என்று ரொம்ப நாளாக முயன்றுகொண்டிருந்தார். நேர்வழியில் போனால் நான் மடங்கமாட்டேன் என்று கண்டுகொண்டு, ஒருநாள் டீ குடிக்கும்போது இப்படிச் சொன்னார்: "கொலை நடந்திருக்கு. கொலைகாரனையும் பிடிச்சாச்சு. போலீஸ், டாக்டர், ப்ராசிக்யூட்டர் எல்லாரும் அவனைக் கூட்டிக்கிட்டு ராத்திரி பூரா பிணத்தைத் தேடுறாங்க. க்ரைம் படம் ப்ரோ, பாருங்க."

படத்தின் பெயர் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் அனடோலியா'. துருக்கி இயக்குநர் நூரி பில்கே ஜெய்லான் எடுத்தது. 2011 கான் விழாவில் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் ப்ரீயை இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது. 'தி ரெய்ட்' வந்த அதே வருடம். அந்த ஒற்றுமை மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

முதல் தடவை இருபது நிமிடத்தில் தூங்கிவிட்டேன். இரண்டாவது தடவை ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று வண்டிகள் இருட்டில் வளைந்து வளைந்து வருகின்றன. காருக்குள் ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு எருமைத் தயிரைப் பற்றிப் பேசுகிறார்கள். கொலைகாரன் நடுவில் உட்கார்ந்திருக்கிறான், அவர்கள் தயிர் பேசுகிறார்கள். ஒன்றரை மடங்கு வேகத்திலும் அது தயிராகத்தான் இருந்தது. மூடிவைத்துவிட்டேன்.

மூன்றாவது தடவை நான் திட்டமிட்டதல்ல. ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் டேட்டாபேஸை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலை. பதினோரு மணிக்கு ஆரம்பித்தால் விடிகாலை வரை ஓடும். ஏதாவது தப்பானால் பார்த்துக்கொள்ள எட்டுப் பேர் காலில் இருக்க வேண்டும். தப்பாகாதவரை செய்வதற்கு ஒன்றுமில்லை. திரையில் சதவீதம் மட்டும் எறும்பு போல ஊரும். ஒருவர் ம்யூட்டில் போட மறந்து, வீட்டில் யாரிடமோ தோசை மாவு புளித்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இன்னொருவர் எந்தக் கடை பிரியாணியில் இப்போது அரிசி சரியில்லை என்று விளக்கினார். நான் பக்கத்து மானிட்டரில் அந்தப் படத்தை மறுபடி போட்டேன், இந்த முறை அதன் சொந்த வேகத்தில்.

அவர்கள் ஏன் தயிரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. ராத்திரி வேலையில் மனிதர்கள் அதைத்தான் பேசுவார்கள். பிணம் தேடுவது அவர்களுடைய உத்தியோகம். போலீஸ் அதிகாரி நாஜிக்கு வீட்டில் நோயாளிப் பையன், அவனுக்கு மருந்துச் சீட்டு வேண்டும். டிரைவருக்கு அவருடைய வருத்தங்கள். கொலைகாரன் கெனான் குடித்திருந்ததால் இடம் மறந்துவிட்டது என்கிறான். ஒரு நீரூற்று, உருண்டையாக ஒரு மரம். ஒவ்வொரு நீரூற்றாக வண்டியை நிறுத்துகிறார்கள், இது இல்லை என்கிறான், மறுபடி ஏறுகிறார்கள். வெளிச்சம் என்று பார்த்தால் பெரும்பாலும் வண்டியின் முன்விளக்குகள்தான். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் புல்வெளி காற்றில் அசைகிறது. ஓர் ஆப்பிள் மரத்திலிருந்து விழுந்து, சரிவில் உருண்டு, ஓடையில் மிதந்து, ஏற்கெனவே அழுகிக் கிடக்கும் வேறு சில ஆப்பிள்களோடு போய் நிற்கிறது. கேமரா அந்த ஆப்பிளின் பின்னாலேயே போகிறது. வேறு நாளாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். அன்று எனக்குப் போக வேறு இடமில்லை. சர்வர் முப்பத்தேழு சதவீதத்தில் இருந்தது.

விடியும் நேரத்தில் பிணம் கிடைக்கிறது. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதற்கு அப்புறம் நடந்தவைதான்.

பிணத்தை மூடிக் கொண்டுபோகும் பையை யாரும் எடுத்து வரவில்லை. போர்வையில் சுற்றுகிறார்கள். காரின் டிக்கியில் அது நுழையமாட்டேன் என்கிறது. இப்படித் திருப்பு, காலை மடக்கு என்று மல்லுக்கட்டுகிறார்கள். பக்கத்துத் தோட்டத்தில் முலாம்பழம் இருப்பதைப் பார்த்த டிரைவர், பிணத்துக்குப் பக்கத்திலேயே இரண்டைச் செருகிக்கொள்கிறார். ப்ராசிக்யூட்டர் நுஸ்ரத் நின்றுகொண்டு பிரேத விசாரணைக் குறிப்பைச் சொல்லச் சொல்ல, உதவியாளர் தட்டச்சு செய்கிறார். நடுவில் இறந்தவரின் முகம் கிளார்க் கேபிளைப் போல இருக்கிறதென்று ப்ராசிக்யூட்டர் சொல்ல, எல்லோரும் லேசாகச் சிரிக்கிறார்கள்.

நான் பார்த்த ஆயிரக்கணக்கான சண்டைகளில் விழுந்தவனை யாரும் தூக்கியதில்லை. விழுவான், கேமரா நகர்ந்துவிடும். 'ஜான் விக்' (2014) படத்தில் மட்டும் ஒரு ஏற்பாடு உண்டு. வீடு முழுக்க ஆட்களைக் கொன்றுவிட்டு, நாயகன் போனைப் போட்டு பன்னிரண்டு பேருக்கு டின்னர் மேசை ஒதுக்கச் சொல்வான். ஒரு குழு வந்து பிணங்களைச் சுற்றி எடுத்துக்கொண்டு, தரையைத் துடைத்துவிட்டுத் தங்கக்காசு வாங்கிப் போகும். அந்தக் காட்சிக்கு நான் கைதட்டியிருக்கிறேன். ஓர் உடலை அகற்றுவது எவ்வளவு வேலை என்று தெரிந்தவர்கள்தான் அதை அவ்வளவு சுலபமான நகைச்சுவையாக்க முடியும். எனக்கும் அது தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் கைதட்டினேன்.

2010 ஆகஸ்டில் அப்பா இறந்தார். பைபாஸில் லாரி மோதியது. பட்டறையில் ஓவர்டைம் முடித்து டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்துகொண்டிருந்தார். நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. விடிய விடிய பஸ்ஸில் ஊருக்குப் போனேன். இடம் எந்த ஸ்டேஷன் எல்லை என்று ரெண்டு பக்கமும் முடிவாகவே நேரமானதென்று சித்தப்பா சொன்னார். அப்போதெல்லாம் சூரியன் மறைந்தபின் போஸ்ட்மார்ட்டம் கிடையாது, அந்த விதி 2021இல்தான் மாறியது. அதனால் அப்பா மார்ச்சுவரியில் விடிவதற்காகக் காத்திருந்தார். நான் பஸ்ஸில் காத்திருந்தேன்.

காலையில் ஒரு ஊழியர் வெளியே வந்து வேட்டி, காடாத்துணி, பாலிதீன் ஷீட், ஊதுவத்தி எல்லாம் வாங்கி வரச் சொன்னார். எதிரே ஒரு கடையில் இவை மொத்தமாக ஒரே பையில் தயாராக இருந்தன. பஞ்சாயத்தார் ஐந்து பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள், நாலு பேர்தான் இருந்தோம். பட்டறை முதலாளியைக் கூப்பிட்டோம். ஏட்டு ஒருவர் மோட்டார் சைக்கிள் சீட்டில் காகிதத்தை வைத்து எழுதினார். எழுதி முடித்து என் தோளைத் தொட்டு, "ஸ்பாட்லயே போயிட்டாருப்பா. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றார். அம்மாவிடம் நான் போய் அதைத்தான் சொன்னேன். அம்மா திரும்பக் கேட்டாள்: "ஒண்ணும் தெரியலையாமா?" "தெரியலம்மா."

படத்தில் நள்ளிரவுக்குப் பின் அவர்கள் ஒரு கிராமத்தில் சாப்பிட இறங்குகிறார்கள். ஊர்த்தலைவர் சோறு போட்டுக்கொண்டே ஒரு கோரிக்கை வைக்கிறார். எங்கள் ஊருக்கு ஒரு பிணவறை வேண்டும். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், அவர்கள் வந்து கடைசியாக முகம் பார்க்கும்வரை உடல் தாங்குவதில்லை. அந்தப் பாத்திரத்தில் நடித்திருப்பவர் எர்ஜான் கெசால், நிஜத்தில் மருத்துவர். அனடோலியாவில் இளம் டாக்டராக வேலை பார்த்தபோது அவருக்கு நேர்ந்த அனுபவம்தான் இந்தப் படத்துக்கு விதை. திரைக்கதையிலும் அவருக்குப் பங்குண்டு. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பார்க்கும்போதே இது கற்பனையிலிருந்து வந்த வசனமில்லை என்று பட்டது. மார்ச்சுவரி வாசலில் நின்றவர்களுக்கு அது தெரியும்.

இதுவரை சொன்னதை நான் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். இனிமேல் வருவதைச் சொன்னதில்லை. சொன்னபோதும் வேறு விதமாகத்தான் சொன்னேன்.

விபத்து நடந்து எட்டு மாதம் கழித்து நஷ்டஈட்டு வழக்குக்காக வக்கீல் ஆபீசுக்குப் போனோம். எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் சான்று, ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பி என்று ஒரு கட்டு. விபத்தில் அடிபட்டு வருகிறவர்களைப் பற்றி கேஷுவாலிட்டியில் பதிவுசெய்யும் ஒற்றைத் தாள்தான் ஏ.ஆர். காப்பி. அதில் நேரம் 11.35 என்றிருந்தது. 108இல் கொண்டுவரப்பட்டார் என்றிருந்தது. நினைவு இருக்கிறது, பேசுகிறார் என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் இருந்தன. ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவில் ஒரு போன் நம்பர், அதற்குக் கீழே 'நோயாளி சொன்னது'. நம்பர் என்னுடையது.

அன்றிரவு 11.35க்கு நான் வடபழனி பக்கம் ஒரு தியேட்டரில் செகண்ட் ஷோ பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டாலோனின் 'தி எக்ஸ்பெண்டபிள்ஸ்'. பழைய சண்டைக்காரர்கள் எல்லோரும் ஒரே படத்தில். அப்பாவோடு போயிருக்க வேண்டிய படம் என்று இடைவேளையில் நினைத்தது ஞாபகமிருக்கிறது. போன் சைலன்ட்டில். வெளியே வந்து பார்த்தால் நாலு மிஸ்டு கால், ஊர் கோடில் ஒரு லேண்ட்லைன். திரும்பக் கூப்பிட்டேன், யாரும் எடுக்கவில்லை. ராங் நம்பர் என்று ரூமுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். இரண்டரை மணிக்கு சித்தப்பா கூப்பிட்டார்.

போஸ்ட்மார்ட்டம் சான்றுப்படி இறந்த நேரம் 1.10.

வக்கீல் தாளைப் புரட்டிவிட்டு, "உயிரோடதான் கொண்டு வந்திருக்காங்க போலயே" என்றார். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "சார், அம்மாகிட்ட இதச் சொல்ல வேணாம்" என்றேன். அவர் தலையாட்டினார். அம்மாவை உள்ளே கூப்பிட்டு, கையெழுத்து போட வேண்டிய இடங்களை மட்டும் காட்டினார்.

இதற்குப் பிறகு ஓரிரு முறை, குடித்திருக்கும் நண்பர்களிடம், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன். அவங்கப்பா சாகும்போது படம் பாத்துக்கிட்டிருந்தான்" என்று இதைச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள், "பாவம்டா, அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார்கள். அந்த ஆறுதலை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதனால்தான் ப்ராசிக்யூட்டர் அந்தக் கதையை ஆரம்பித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் டாக்டரிடம் சொல்கிறார்: எனக்குத் தெரிந்த ஒருவரின் மனைவி, ரொம்ப அழகானவள், குழந்தை பெற்ற பிறகு இன்ன நாளில் சாவேன் என்று சொல்லிவைத்து அதேபோல் செத்துப்போனாள். விசித்திரம், இல்லையா? டாக்டர் சாதாரணமாகக் கேட்கிறார்: பிரேதப் பரிசோதனை செய்தார்களா? இல்லை, மாரடைப்பு என்று தெளிவாகத் தெரிந்ததே. இதய நோய் மாத்திரையை அளவுக்கு மீறி எடுத்தால் அப்படித்தான் தெரியும், என்கிறார் டாக்டர். வண்டிகள் நிற்கிற இடங்களிலெல்லாம் அந்தக் கதை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. அந்தத் 'தெரிந்தவர்' யார் என்று டாக்டருக்குப் புரிகிறது, நமக்கும் புரிகிறது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஊருக்கெல்லாம் மரணத்தின் காரணத்தைத் தேடி எழுதும் மனிதர், தன் வீட்டு மரணத்தை மட்டும் அறுத்துப் பார்க்கவில்லை.

கடைசி அரைமணி நேரம் ஆஸ்பத்திரி. இறந்தவரின் மனைவி அடையாளம் காட்டுகிறாள். உள்ளே பரிசோதனை. அறுக்கும் உதவியாளர் கருவிகள் சரியில்லை என்று குறைபட்டுக்கொண்டே வேலை பார்க்கிறார். நாம் உடலைப் பார்ப்பதில்லை, ஓசைகளை மட்டும் கேட்கிறோம். திடீரென்று உதவியாளர் சொல்கிறார்: மூச்சுக்குழாயில் மண் இருக்கிறது. நுரையீரலிலும். அப்படியென்றால் புதைக்கும்போது உயிர் இருந்திருக்கிறது. டாக்டர் சற்று நேரம் பேசாமல் நிற்கிறார். பிறகு அசாதாரணமாக ஒன்றுமில்லை என்று அறிக்கையில் எழுதச் சொல்கிறார்.

எந்தச் சண்டைப் படத்திலும் என் இதயம் இப்படி அடித்துக்கொண்டதில்லை. திரையில் ஒரு மனிதர் ஜன்னல் பக்கம் நிற்கிறார், அவ்வளவுதான்.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று படம் சொல்வதில்லை. வெளியே அந்த மனைவியும் சிறுவனும் நடந்துபோகிறார்கள். பள்ளி மைதானத்திலிருந்து பந்து ஒன்று வெளியே வந்து விழ, சிறுவன் ஓடிப்போய் அதை உதைத்துத் திருப்பி அனுப்பிவிட்டு அம்மாவிடம் ஓடுகிறான். இந்தப் பையன் பெரியவனாகி ஒருநாள் அறிக்கையைப் படிப்பான், அதில் மண் இருக்க வேண்டாம் என்று டாக்டர் நினைத்திருக்கலாம். அல்லது கொலைகாரனின் மேல் அவருக்கு இரக்கம் வந்திருக்கலாம். நான் அந்த ஏட்டை நினைத்துக்கொண்டேன். ஏ.ஆர். காப்பியை அவரும் பார்த்திருப்பார். வேண்டுமென்றுதான் தோளைத் தொட்டு அப்படிச் சொல்லியிருப்பார். எட்டு மாதம் நான் நிம்மதியாகத் தூங்கியது அவர் தந்த தூக்கம்.

டேட்டாபேஸ் ஐந்தே காலுக்கு நூறு சதவீதம் காட்டியது. காலில் யாரோ, "சூப்பர் கைஸ், குட் மார்னிங்" என்றார்கள். நான் இரவு நடந்ததற்கு அறிக்கை எழுத வேண்டும். நடுவில் இரண்டு முறை சின்னப் பிழைகள் வந்து தானாகவே சரியாகிவிட்டன. அதை எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. எழுதினேன். எழுதி அனுப்பிவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஊருக்குப் போயிருந்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இதைச் சொல்ல நல்ல நேரம் என்று ஒன்று கிடையாது. சொன்னேன். ஸ்பாட்டில் போகவில்லை, ஆஸ்பத்திரி வரைக்கும் நினைவிருந்திருக்கிறது, என் நம்பரைச் சொல்லியிருக்கிறார், நான் எடுக்கவில்லை, தியேட்டரில் இருந்தேன்.

அம்மா கையை நிறுத்தவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "என்ன படம்?" என்று கேட்டாள்.

"இங்கிலீஷ் படம்மா. சண்டைப் படம்."

"ம்." இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள். "நம்பர அவரே சொன்னாராமா? பாக்காம?"

"ஆமா."

"நீ மொத மொதல்ல போன் வாங்குனப்ப, காலண்டர் அட்டைக்குப் பின்னாடி அந்த நம்பர எழுதி வச்சு, பட்டறைக்குக் கெளம்பறப்பல்லாம் நின்னு சொல்லிப் பாப்பாரு. வாய்ப்பாடு மாதிரி. பத்து நம்பர் எப்டித்தான் ஞாபகம் வச்சுக்கறதோன்னு சலிச்சுக்குவாரு. ரெண்டு மாசம் ஆச்சு, மனப்பாடம் ஆக." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான் என்று சொல்லிக்கொள்ள இருவருக்கும் வசதியாக இருந்தது.

பதினான்கு வருடம் அந்தத் தாளை நான் மறைத்து வைத்திருந்தேன். அம்மாவிடம் இருந்தது இந்தக் காலண்டர் அட்டை. நான் சொல்லாதவரை அவளும் அதைச் சொல்ல ஒரு காரணம் வந்திருக்காது.

அந்த டாக்டர் செய்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். அந்தச் சிறுவனுக்கு எட்டு, ஒன்பது வயதிருக்கும். அவனுக்கு அன்றைக்கு அது போதும்.

நண்பர் அடுத்த படத்தின் பெயரை அனுப்பியிருக்கிறார், அதுவும் ஜெய்லான்தான், இன்னும் நீளமாம். பார்ப்பேன். அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கியிருந்தது. கடைசி அரைமணி நேரத்தைப் பார்க்காமலே விட்டிருந்த 'எக்ஸ்பெண்டபிள்ஸ்' என்று இதைச் சொன்னால் கதைக்கு அழகாக இருக்கும், ஆனால் உண்மை அதுவல்ல, அன்று முழுசாகத்தான் பார்த்தேன். போன வாரம் மறுபடி போட்டேன். ஒரு கதவு வெடித்துப் பறந்தது. பலகைதான் அது, இரும்பு இல்லை.